தொட்டியின் அடியில் ஓர் அமானிதம்

நம் இல்லங்களில் வண்ணமீன் தொட்டி வைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. பிள்ளைகள் கைப்பேசியை ஒதுக்கிவிட்டு இறைவனின் படைப்பை வியந்து பார்த்திருப்பது நல்லதே. ஆயினும், அத்தொட்டிகளில் ஓர் அநீதி ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது. மேலே நீந்தும் மீன்களுக்கு நாள்தோறும் உணவு இடுகிறோம். அடியில் ஊர்ந்து திரியும் கெளுத்தி மீனுக்கென்று எதுவும் இடுவதில்லை. கேட்டால், "அது டேங்க் கிளீனர், அழுக்கைத் தின்று வாழ்ந்துகொள்ளும்" என்கிறோம். விற்பவர்களில் பலரும் அவ்வாறே சொல்லி விற்கிறார்கள்.

இக்கருத்து தவறானது. நாம் வளர்க்கும் கெளுத்திகள் மற்ற மீன்களின் கழிவை உண்டு உயிர் வாழ்பவை அல்ல. தென் அமெரிக்க ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட கோரிடோராஸ், மணலை மீசையால் துழாவிப் புழு பூச்சிகளை உண்பது. சக்கர் மீன் என நாம் அழைப்பது, பாசியையும் மக்கிய இலைதழைகளையும் சுரண்டி உண்பது. சிறு கண்ணாடித் தொட்டியில் வளரும் பாசி அதற்கு எத்தனை நாளுக்குப் போதும்? அது தீர்ந்தபின் அம்மீன் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது. வயிறு ஒட்டி, கண்கள் குழிவிழுந்த பின்னரே நாம் கவனிக்கிறோம்.

பூனையொன்றை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மக்தப் பிள்ளைகளும் அறிந்த செய்திதான். அப்பெண் உணவும் அளிக்கவில்லை. தானே இரைதேடி உண்ண அதனை விடவுமில்லை. மீன் தொட்டியின் நிலையும் இதுவே. ஆற்றில் இருக்கும் மீன் தன் ரிஸ்க்கைத் தேடிக்கொள்ளும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் நாம் அடைத்த மீனுக்கு நம் கையன்றி வேறு வழியில்லை. வளர்ப்பதில் குற்றமில்லை, அபூ உமைர் என்ற சிறுவர் குருவி வளர்த்ததையும், அது இறந்தபோது நபியவர்கள் அவரிடம் அன்பாக விசாரித்ததையும் நாம் அறிவோம். உரிமையைக் கொடுக்காமல் வளர்ப்பதே குற்றம்.

அவ்வுரிமையைக் கொடுப்பது கடினமன்று. அடியில் மூழ்கும் வில்லை உணவு கடைகளில் கிடைக்கிறது. முதலில் மேல்மீன்களுக்கு உணவிட வேண்டும். இஷாவுக்குப் பின் விளக்கை அணைத்தபிறகு வில்லைகளை இட்டால், இருளில் இரைதேடும் கெளுத்திகளுக்கு அவை முழுமையாகச் சென்று சேரும். சக்கர் மீனுக்கு வெள்ளரிக்காய்த் துண்டையோ லேசாக வேகவைத்த கீரையையோ கொடுக்கலாம். மிஞ்சியதை மறுநாள் காலை எடுத்துவிட வேண்டும். அழுகும் உணவு நீரில் அமோனியாவைப் பெருக்கும். அடியில் வாழும் மீனையும் அது வதைக்கும்.

தொட்டியின் தரையும் முக்கியம். கூரான கற்களும் அழுக்கேறிய தரையும் கோரிடோராஸின் மீசையைத் தேய்த்துவிடும். மென்மையான மணலே அதற்கு ஏற்றது. அது கூட்டமாக வாழும் உயிர். குறைந்தது ஆறு மீன்களாவது சேர்ந்திருக்க வேண்டும். இடையிடையே மேலே பாய்ந்து காற்றை விழுங்குவது அதன் இயல்பு. ஓயாமல் அவ்வாறு செய்தால் நீரில் பிராணவாயு குறைந்துள்ளது எனக் கொள்க. எந்த நோய்க்கும் கல் உப்பை அள்ளிப் போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கெளுத்திகளுக்கு உப்பு எளிதில் ஒவ்வாது.

வாரந்தோறும், ஜுமுஆ நாளில் வீட்டைத் துப்புரவு செய்யும்போதே, தொட்டியில் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றலாம். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கியே ஊற்ற வேண்டும். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த நீர் அதிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வெளியேற்றிய நீரைச் செடிகளுக்கு ஊற்றினால் வீண்விரயமும் இல்லை.

"ஒரு மீனுக்கு இவ்வளவு பாடா?" எனச் சிலர் கேட்கலாம். இயலாதவர் வாங்காதிருப்பதே நேர்மை. விரலளவில் வாங்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். தொட்டி போதாமல் போனதும் குளத்தில் கொண்டுபோய் விடுவதை இரக்கம் என எண்ணுகிறோம். அது பிறருக்குச் செய்யும் தீங்கு. அவ்வாறு விடப்பட்ட மீன்கள் தமிழகத்து நீர்நிலைகளிலும் பரவி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்து, முள் நிறைந்த எலும்புத் தகடுகளால் மீனவர் வலைகளைக் கிழிக்கின்றன. வாங்கிய கடையிலோ வளர்க்க இயன்றவரிடமோ ஒப்படைப்பதே முறை.

பெற்றோரே! அடியில் வாழும் அந்த மீனுக்கு உணவிடும் பொறுப்பை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். பசித்தாலும் குரலெழுப்ப இயலாத உயிரைத் தானே நினைவில் வைத்து உணவளிக்கப் பழகும் பிள்ளை, நாளை அண்டை வீட்டாரின் பசியையும் கேளாமலே அறியும், இன்ஷா அல்லாஹ்.