முகத்திற்கு ஒரு திட்டம்

முகம் பேசும் என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழைய நாளிலேயே கண்டுகொண்டது. நகையும் அழுகையும் அச்சமும் வெகுளியும் உட்பட எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. வள்ளுவரோ குறிப்பறிதல் என்ற பெயரிலேயே இரண்டு அதிகாரங்கள் செய்தார். இலக்கியப் பகுதியொன்று முகச்சுருக்கம் நீக்கும் ஊசியைப் பற்றித் தலையங்கம் எழுதப் புகுவானேன் என்று வினவும் அன்பர்க்கு இதுவே எமது விடை. முகத்தின் பேச்சைச் சில மாதங்களுக்கு அடக்கி வைக்கும் மருந்து அது.

அம்மருந்தின் வரலாறும் ஒரு கவிஞரிடமிருந்தே தொடங்குகிறது. ஜெர்மனியில் வாழ்ந்த யுஸ்டினுஸ் கெர்னர் கவிஞர்; மருத்துவரும் கூட. கெட்டுப்போன சொசேஜ் தின்று தசைகள் செயலிழந்து மாண்டவர்களை ஆராய்ந்து, 1820 இலும் 1822 இலும் அந்நஞ்சைப் பற்றி நூல்கள் வெளியிட்டார். அதனைத் தம்முடலிலும் சோதித்துப் பார்த்தார். சிற்றளவில் கொடுத்தால் நோய் தீர்க்கவும் உதவலாம் என்று ஊகித்தார். அந்த ஊகம் பலிக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்பு நோய்க்கும் அதனைப் பயன்படுத்த அமெரிக்கா 1989 இல் அனுமதி வழங்கியது. அதற்குச் சற்று முன்னர், 1987 இல், கனடாவின் வன்கூவர் நகரில் கண் மருத்துவரான ஜீன் கருதேர்ஸ், இமைத் துடிப்புக்கு ஊசி பெற்ற நோயாளியின் புருவ மடிப்புகள் மறைந்ததைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவரோடு சேர்ந்து அதனை ஆராய்ந்தார். 2002 இல் புருவ நடுவிலுள்ள சுருக்கத்துக்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இன்று பொட்டொக்ஸ் என்னும் பெயரை அறியாதார் அரியர்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள எமது ஊர்களுக்கு இச்செய்தி கைத்தொலைபேசி வழியே விளம்பரமாக வந்து சேர்கிறது. ஒவ்வொருவர் முகத்துக்கும் தனித் திட்டம் என்பது விளம்பரத்தின் வாக்கு. வாக்கு நல்லதே, அது மெய்யாகவும் இருக்குமாயின்.

தேர்ந்த மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே ஊசியைத் தொடுவதில்லை. சிரிக்கச் சொல்கிறார், நெற்றியைச் சுளிக்கச் சொல்கிறார், புருவத்தை உயர்த்தச் சொல்கிறார். எந்தத் தசை வலியது, இருபுறமும் ஒத்துள்ளனவா, இமை இயல்பாகவே தாழ்ந்ததா என்றெல்லாம் நோக்குகிறார். தாழ்ந்த இமையுடையார் பலர் தம்மையறியாமலே நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்திருப்பர். அத்தசையை அளவுமீறித் தளர்த்திவிட்டால் புருவம் சரிந்து கண்ணே பாரமாகிவிடும். அக்காளுக்குப் பொருந்திய அளவு தங்கைக்குப் பொருந்தாமற் போவது இதனாலேதான். கன்னத்தையும் உதட்டையும் மேடாக்கும் நிரப்பு ஊசியில் ஆபத்து இன்னும் பெரிது. மருந்து இரத்தக் குழாயினுட் புகுமாயின் தோல் அழுகலாம், பார்வையும் போகலாம். இந்நிரப்பிகளுள் பெருவழக்கிலுள்ள ஹையலுரோனிக் அமிலத்தைக் கரைக்கும் மாற்று மருந்து உண்டு. அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் அவ்வூசிக்கு இடமேயில்லை.

மற்றொன்றும் உண்டு. 1975 இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைகளை வகுத்தபோது அவர் கருத்தில் முதலில் நின்றது வெண்ணிறத் தோலே. பழுப்பும் கறுப்பும் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை. எமது தோலிலோ முதுமை பெரும்பாலும் சுருக்கத்திற்கு முன்பே நிறத்திட்டாய் முகங்காட்டுகிறது. ஊசி குத்திய சிறு தழும்பும் கருமை படிந்து பல நாள் நிற்கக்கூடும். கடற்கரை வெயிலில் நாளெல்லாம் நடமாடும் ஒருத்திக்கு உண்மையான மருத்துவர் வகுக்கும் திட்டம், குடையும் வெயிற்காப்புக் களிம்புமாகவே முடிந்துவிடலாம். அதில் வருமானம் குறைவு என்பது வேறு கதை.

எம்மை வருத்துவது திருமணச் சந்தை. பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது இக்கரை முஸ்லிம்களின் நெடுநாள் வழக்கம். வாப்பா கடலிலும் வயலிலும் அரபு நாட்டு வெயிலிலும் தேடிய பணம் சுவராகவும் கூரையாகவும் உருமாறுகிறது. அதற்குமேற் கைக்கூலி. இனி முகமும் ஒரு செலவுக் கணக்காகி அப்பட்டியலில் ஏறுமோ என்பதே எமது அச்சம். இருபது வயதுப் பெண்ணுக்குச் சுருக்கம் ஏது? மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்காக எழுதப்படும் திட்டத்தை அவளுடைய திட்டம் என்று எவ்வாறு சொல்வது? சுருக்க ஊசியின் பயன் மூன்று, நான்கு மாதமே. நிக்காஹ்வுக்கு முன் போட்டது புதுக்குடித்தனத்தின் தொடக்கத்திலேயே தேய்ந்துவிடும். அதற்குள் அவள் கருவுற்றிருந்தால் மறுபடி போடுவதும் தகாது.

மார்க்கத்தின் நிலை யாது என்பதும் எழும் கேள்வி. போரில் மூக்கிழந்த அர்ஃபஜா என்னும் தோழர் வெள்ளி மூக்குப் பொருத்த, அது நாற்றமெடுத்தது. பொன்னால் அமைத்துக்கொள்ளும்படி நபிகள் நாயகம் பணித்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. சிதைந்ததைச் சீராக்குவது வேறு, படைப்பை மாற்றுவது வேறு என்று ஆலிம்கள் பகுத்துரைப்பர். மலேசியாவின் தேசிய பத்வாக் குழு 2006 இல் அழகுக்காகப் பொட்டொக்ஸ் போடுவதை விலக்கியது. அதே மருந்து பக்கவாதத்தால் இறுகிய கையைத் தளர்த்துமிடத்து அதனைக் குறைகூறுவார் யார்? தீர்ப்புரைப்பது எம் வேலையன்று. ஆயினும் கேள்வியை வீட்டுக்குள் மூடி வைப்பதால் நன்மையில்லை என்பது எமது துணிபு.

விரும்பி இச்சிகிச்சையை நாடும் பெண்ணையோ ஆணையோ நாம் பழிக்கவில்லை. ஊசி போடுபவர் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு பெற்றவரா என்று கேட்பது அவர்தம் உரிமை. மருந்து, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையிற் பதிவானதா என்று கேட்பதும் அவ்வாறே. மணப்பெண் அலங்காரம் செய்வோர் எத்துணைக் கைத்திறம் உடையவராயினும் இவ்வூசியைத் தொடலாகாது.

எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் இங்கு ஒரு வேலை இருக்கிறது. கையொப்பமிடுபவருக்கு விளங்காத மொழியில் அமைந்த ஒப்புதற் படிவம் ஒப்புதலாகாது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மொழி ஆசிரியர்கள் சிலரும் மருத்துவர் சிலரும் ஒருநாள் கூடியமர்ந்தால் தெளிந்த தமிழில் இரண்டு பக்கப் படிவமொன்று உருவாகிவிடும். எந்த மருந்து, எவ்வளவு, எவ்விடத்தில், என்ன தீங்கு நேரலாம், நேர்ந்தால் எவரை அழைப்பது என்பன அதில் இருக்கட்டும். ‘இவருக்கு இச்சிகிச்சை தேவையில்லை’ என்று மருத்துவர் எழுதுவதற்கும் ஒரு வரி இடம் விடப்படட்டும்.