கடல் கடந்து கலை பயில்வோருக்கு

சென்ற வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த வேளையில், பாலமுனையில் உள்ள நம் இல்லத்துக்கு ஒரு தந்தையும் அவர் மகளும் வந்திருந்தனர். மகள் உயர்தரப் பரீட்சையில் தமிழ், புவியியல், இஸ்லாமிய நாகரிகம் ஆகிய பாடங்களில் நற்சித்தி பெற்றவள். தந்தையின் கையில் வழுவழுப்பான வர்ணக் கடதாசி ஒன்று இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவரைச் சேர்த்துவிடும் முகவர் ஒருவர் கொடுத்ததாம். வானளாவிய கட்டடமும், பசும்புற்றரையும், சிரித்த முகங்களும் அதில் இருந்தன. அங்கே கற்பிப்போர் யாவர் என்பதை மட்டும் எவ்விடத்தும் காணோம்.

"இரண்டு ஏக்கர் வயலை விற்றால் முதல் வருடத்துக்குக் காணும். பிள்ளையை எந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் அவர்.

நாம் மகளை நோக்கி, "நீ எதைப் படிக்க விரும்புகிறாய், மகள்?" என்று கேட்டோம். அவள் தயங்கித் தயங்கி, "மூத்தம்மா பாடுகிற கவிகளை" என்றாள். தந்தை திகைத்து அவள் முகத்தைப் பார்த்தார். அக்கேள்வி அவ்வீட்டில் அதுவரை எழவில்லை என்பது அப்பார்வையிலேயே தெரிந்தது.

நேயர்களே, நம்மிற் பலர் செய்யும் பிழை இதுதான். முதலில் நாட்டைத் தீர்மானிக்கிறோம், அடுத்துப் பல்கலைக்கழகத்தை, பிள்ளை எதைப் படிப்பது என்பதோ கடைசியில் வருகிறது. கலைத்துறை மாணவருக்கு இவ்வரிசை முற்றிலும் தலைகீழானது. விஞ்ஞானம் பயில்வோருக்கு ஆய்வுகூடம் வேண்டும். மொழியும் வரலாறும் இலக்கியமும் பயில்வோருக்கு ஆசானும் நூலகமுமே ஆய்வுகூடம். எனவே பாடத்தை முதலிலும், ஆசானை அடுத்தும், ஊரைக் கடைசியிலும் தேட வேண்டும்.

இது வெறும் உபதேசமன்று. நம் நாட்டுப் பேரறிஞர்கள் நடந்து காட்டிய வழி. பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேராதனையில் முதற்பட்டம் பெற்றபின், கலாநிதிப் பட்டத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்குச் சென்றனர். இரும்புக்கும் இயந்திரத்துக்கும் பேர்போன அந்நகரில் தமிழ்ப் பண்டிதர் எவரைக் காணச் சென்றார்கள்? எவரையுமில்லை. அங்கே ஜோர்ஜ் தொம்சன் என்னும் கிரேக்க மொழிப் பேராசிரியர் இருந்தார். பண்டைக் கிரேக்கரின் பாடலையும் நாடகத்தையும் அவர்களது சமுதாய வாழ்விலிருந்து விளக்கியவர் அவர். அந்த ஒளியைச் சங்க இலக்கியத்தின்மீது பாய்ச்ச இவ்விருவரும் விரும்பினர். விளைவு யாது? கைலாசபதியின் ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. பண்டைத் தமிழரின் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் ஆய்வு 1981 இல் நூலாயிற்று. நகரின் பெயரை நோக்கி அவர்கள் போயிருந்தால் இவ்விரு நூல்களும் நமக்குக் கிடைத்திரா.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. கல்முனைக்குடியிற் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் மொழியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றது சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். 'அது அக்கரைதானே, என்ன பெருமை?' என்று கேட்போர் இருக்கலாம். மொழியியலுக்கு இந்தியா முழுவதும் அறிந்த உயராய்வு மையம் அது என்பதை அறிந்தோர் அவ்விதம் கேளார். அண்டை ஊராகிய காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரோ, இலங்கையில் இருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டத்தையும் பெற்றார். பின்னர் 1931 இல் அதே அண்ணாமலையில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். கடல் கடப்பது மட்டுமே கல்வியாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி அம்மகளின் காரியத்துக்கு வருவோம். மூத்தம்மாவின் கவியை ஆராயும் கல்விக்கு நாட்டார் வழக்காற்றியல் என்று பெயர். அதற்கெனத் தனித்துறை பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் உண்டு. அமெரிக்காவில் இத்துறையின் முதலாவது கலாநிதிப் பட்டம் 1953 இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் வழங்கப்பெற்றது. எஸ்தோனியா என்னும் சிறுநாட்டின் தார்த்துப் பல்கலைக்கழகத்திலும் இக்கல்வி நூறாண்டு கடந்து நிலைத்திருக்கிறது. முகவரின் வர்ணக் கடதாசியில் இம்மூன்றில் ஒன்றேனும் இல்லை.

ஆயினும் இவையெல்லாம் இரண்டாம் படி. முதற்படி ஒலுவிலில் இருக்கிறது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலை கலாசார பீடம் உண்டு. அனுமதி கிடைத்தால் கட்டணமின்றிப் படிக்கலாம். கிடைக்காதோருக்குத் திறந்த பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டமும் உள்ளன. பாட்டுப் பாடும் மூத்தம்மாமார் நம் ஊரில் உயிரோடிருக்கும்போது அவற்றைத் திரட்டாமல், ஆயிரம் காதம் சென்று அவற்றை நினைத்து ஏங்குவதில் என்ன பயன்? கையில் முதற்பட்டமும் பாடல் திரட்டும் இருந்தால், வெளிநாட்டு ஆசான் வாசலிலேயே வரவேற்பார்.

அவ்வாறு செல்லுங்காலத்துச் சில எச்சரிக்கைகள்: சேர எண்ணும் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்து மூலம் கேட்டறிக. கற்பிப்போர் எழுதிய நூலொன்றையேனும் படித்துவிட்டு அவருக்கே கடிதம் எழுதுக. ஆசான் ஓய்வு பெறப் போகிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்க. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கணக்கிடாது, பட்டம் முடியும்வரை உணவு, உறையுள், விமானம் யாவற்றையும் கூட்டிப் பார்க்க. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வங்கியிற் காட்ட வேண்டும். மௌலானா ஆசாத் பெயராலும் நேரு பெயராலும் இந்திய அரசு நம் மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்குகிறது. 1959 இல் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் உண்டு. இவற்றுக்கு விண்ணப்பிக்க வயலை விற்க வேண்டுவதில்லை.

இவ்வளவும் கேட்ட தந்தை நெடுநேரம் மௌனமாயிருந்தார். "மற்றவர்கள் பிள்ளைகளை அனுப்புகிறார்கள், நான் அனுப்பாவிட்டால் குறை வைத்தவன் ஆவேனோ என்று பயந்தேன்" என்றார். அப்பயத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். பிள்ளைமேல் வைத்த அன்பன்றோ அது! ஆனால் அவ்வன்பை விலை பேசும் வியாபாரம் ஒன்று ஊருக்குள் நடமாடுகிறது என்பதை மட்டும் அவருக்குச் சொன்னோம்.

எழுந்து போகும்போது மகளிடம், "மூத்தம்மாவுக்கு எத்தனை கவி தெரியும்?" என்று கேட்டார். "எண்ணிப் பார்க்கவில்லை, வாப்பா" என்றாள் அவள்.

"அப்படியானால், போகும் வழியிலே ஒரு கொப்பி வாங்குவோம்" என்றார் தந்தை.