மைதானம் இருக்கிறது, நடுவர் எங்கே?

ஆசிரியர் உரை

சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 1995 டிசம்பர் 18 முதல் 27 வரை ஏழு அண்டை நாடுகள் அங்கே கூடின. அன்று அதற்கு சாஃப் விளையாட்டு என்று பெயர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வேளச்சேரி நீச்சல் வளாகமும் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கமும் அந்தப் போட்டியை ஒட்டித்தான் எழுந்தன. நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் நடக்க முடிந்ததென்றால் அதற்கு அடித்தளம் அந்த டிசம்பர் மாதம் போட்டது. விருந்தினருக்காகக் கட்டியது வீட்டாருக்கு மிஞ்சியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு பன்னாட்டுப் போட்டி கட்டடத்தை மட்டுமா விட்டுச் செல்கிறது? அழைப்பு அறையில் வீரர்களைச் சரிபார்ப்பது, தூரத்தை லேசர் கருவியில் படிப்பது, முடிவுக்கோட்டுப் படத்தைப் பார்த்து நூறில் ஒரு பங்கு வினாடியைப் பிரிப்பது, ஊக்கமருந்து சோதனைக்கு வீராங்கனையை விட்டகலாமல் அழைத்துப் போவது என்று நூற்றுக்கணக்கான கைகள் புதிதாக வேலை கற்றுக்கொள்கின்றன. அந்தக் கைகள் 1995இல் பெரும்பாலும் தலைநகரத்திலேயே இருந்தன. போடிநாயக்கனூரிலோ கம்பத்திலோ பி.டி. சாராக இருந்தவருக்கு அது தொலைக்காட்சியில் பார்த்த திருவிழா.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மீட்டர் கேஜ் பாதை மூடப்பட்டு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த போடிக்கு, 2023 ஜூனில் அகலப்பாதை ரயில் வந்தது. சென்னையிலிருந்து நேராக ஏறி இறங்கலாம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் சென்னையோடு மதுரை, திருச்சி, கோவைக்கும் பகிரப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் தொடங்கிய ஆடவர் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரை நமக்கு ஒரு பஸ் தூரம். பன்னாட்டு ஆட்டம் வைகைக் கரைவரை வந்துவிட்டது; கொட்டகுடி ஆற்றங்கரையில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகிய நாம் அதற்கு என்ன தயார் செய்திருக்கிறோம் என்பதே என் கேள்வி.

"போடிமெட்டில் ஒரு மலைப் பயிற்சி மையம் வேண்டும்" என்ற கோரிக்கையை நம்மில் பலரும் வைக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனாலும் உடலியங்கியல் படித்த நாம் அதை யோசித்துத்தான் பேச வேண்டும். இரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் அளவுக்கு உயரப் பயிற்சி என்றால் 2,000 மீட்டருக்கு மேல் சில வாரமாவது தங்க வேண்டும். ஊட்டி அந்த அளவைத் தாண்டுகிறது. இமாசலத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஷிலாரு மையமும் தாண்டுகிறது. போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர்தான். நம்முடைய ஏலமலைச் சரிவு கொடுப்பது வேறு: பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டர் ஏற்றம், கீழே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் மேலே குளிர்ந்த காற்று. ஏற்றத்தில் ஓடினால் தரையின் மோதல் குறைவு, தொடையின் உழைப்பு அதிகம். நெடுந்தூர ஓட்டக்காரருக்கும் கபடி ஆட்டக்காரருக்கும் அது போதுமான செல்வம். மாலத்தீவு போன்ற கடல்மட்ட நாட்டின் அணி சென்னைப் போட்டிக்கு முன் இரண்டு வாரம் தங்கிப் பழக இந்த அடிவாரத்தைவிட நல்ல இடம் தென்தமிழகத்தில் எது? அப்படி ஒரு அணி வந்தால் அவர்களோடு ஓடிப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அதுவே முதல் பன்னாட்டு அனுபவம். உயரத்தைப் பெருக்கிச் சொல்லிக் கேட்பதைவிட, இருப்பதைச் சொல்லிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இனி, எனக்கு மனம் ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்டில் நடக்கின்றன. அது கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கு மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஓயாத பருவம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. நூறு மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டலிலும் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்தச் சாதனை செல்லாது என்பது விதி. ஓட்டத்துக்கென்றால் முடிவுக்கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.22 மீட்டர் உயரத்தில் காற்றளவி வைக்க வேண்டும் என்பதும் விதி. நம் வட்டாரத்துக் குறுவட்டப் போட்டி எதிலும் அந்தக் கருவியை நான் பார்த்ததில்லை. போதாததற்குக் கையால் அழுத்தும் நிறுத்துக் கடிகார நேரம். மின்னணு நேரத்தோடு ஒப்பிட அதில் 0.24 வினாடி கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதை எத்தனை பேர் பெற்றோரிடம் சொல்கிறோம்? ஆகஸ்டில் காற்று தள்ளிய பிள்ளை மாநிலப் போட்டியில் அரை வினாடி பிந்துகிறாள். "பெரிய இடத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். அவள் பயப்படவில்லை. நாம் தவறாக அளந்தோம். போடி ஏலக்காய் ஏல மையத்தில் சல்லடையில் சலிக்காமல் எட்டு எம்.எம். காய் என்று சொன்னால் எந்த வியாபாரியும் விலை வைக்க மாட்டார். பிள்ளையின் ஓட்டத்துக்கும் அந்த மரியாதை வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் சிறிய ஊரிலிருந்தும் போகலாம் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 2024 செப்டம்பர் 11 முதல் 13 வரை சென்னை நேரு அரங்கில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. பாகிஸ்தான் உட்பட ஏழு நாடுகள் வந்தன. மகளிர் நூறு மீட்டரில் தங்கம் வென்றவர் தென்காசி மாவட்டத்துப் பெண் அபிநயா ராஜராஜன். அதே மலைத்தொடரின் அடிவாரம், நமக்குத் தெற்கே.

தெற்காசியப் போட்டியால் என்ன பயன், இந்தியாதானே அள்ளிக்கொள்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1995இல் இந்தியாவுக்கு 106 தங்கம், 2019 நேபாளப் போட்டியில் 174. எண்ணிக்கை ஒருபக்கச் சாய்வுதான். ஆனால் அதே 2019இல் மாலத்தீவின் ஹசன் சயீத் ஆடவர் நூறு மீட்டரில் தங்கம் வென்றார். அந்த ஒரு பதக்கம் அந்தத் தீவுகளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பது ஓட்டக்காரரை வளர்த்த எவருக்கும் புரியும். ஆசியப் போட்டிக்கும் மாநிலப் போட்டிக்கும் நடுவில் ஒரு படி இல்லாவிட்டால் நம் பிள்ளைகளும் தடுக்கித்தான் விழுவார்கள்.

அந்தப் படி இப்போது ஆட்டம் காண்கிறது. பாகிஸ்தானில் நடக்க வேண்டிய பதினான்காவது போட்டி பலமுறை தள்ளிப்போனது. ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையிலிருந்து பாகிஸ்தான் விலக, ஓமன் வந்து ஆடியது. அரசுகளுக்குள் உள்ள பகையை நாம் தீர்க்க முடியாது. ஆனால் ஒரு விளையாட்டு, ஒரு வயதுப் பிரிவு என்று 2024 சென்னைப் போட்டியைப் போலச் சிறிய அளவில் நடத்திக்கொண்டே இருந்தால், பெரியது தடைபடும் ஆண்டுகளிலும் பிள்ளைகளின் வயது வீணாகாது. இப்படிப்பட்ட போட்டியை மாவட்டத் தலைநகரங்களும் ஏற்று நடத்த முடியும். பக்கத்துப் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைக் கோடைதோறும் நடத்திவருவதை நாம் பார்த்திருக்கிறோம். நாடெங்குமிருந்து வரும் அணிகளுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் விளக்கொளியும் கொடுக்க ஒரு சிற்றூருக்குத் தெரிந்திருக்கிறது.

தெரியாதது நடுவர் வேலை. அதிலும் பெண் நடுவர்கள் மிகக் குறைவு. ஊக்கமருந்து சோதனையில் மாதிரி கொடுக்கும் வீராங்கனையுடன் பெண் அலுவலர்தான் உள்ளே செல்ல முடியும். போட்டியில் பாதிப் பேர் பெண்கள் என்றால் அந்த வேலைக்கும் அத்தனை பெண்கள் வேண்டும். நம் பெண் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பத் தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். பயிற்சியும் சென்னையிலேயே நடக்கிறது. இரண்டையும் மாற்றலாம்.

மாணவிகள் பக்கமும் ஒரு சிக்கல். விடியுமுன் ஜீப்பில் ஏறி மலையேறும் தாய்மார்கள் ஏலத்தோட்டத்திலிருந்து இருட்டும் நேரத்தில்தான் திரும்புகிறார்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பவள் பெரிய பெண். அவளைக் காலை ஆறு மணிக்கோ மாலை ஐந்துக்கோ மைதானத்துக்கு வரச் சொன்னால் வர மாட்டாள். அவளுக்குக் கிடைக்கும் ஒரே நேரம் பாட வேளைக்குள் இருக்கும் உடற்கல்வி வகுப்பு. அதைத்தான் பத்தாம் வகுப்பில் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம்.

மாவட்ட நடுவர் பயிற்சியை இந்த ஆண்டு தேனியிலேயே நடத்த வேண்டும், இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு எழுதுகிறோம். உங்கள் கையெழுத்துகளை அனுப்புங்கள். போடி, உத்தமபாளையம், பெரியகுளம், ஆண்டிபட்டி வட்டாரங்கள் சேர்ந்து ஒரு காற்றளவி வாங்கிச் சுழற்சியில் வைத்துக்கொள்ளலாம். குறுவட்டப் போட்டி நாட்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஒரு கருவியே போதும். அட்டவணை போடும் கூட்டம் ஜூனில் நடக்கிறது.