செய்தியும் ஆராய்ச்சியும் உளவியல் வகுப்பும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

உளவியல் பயிலும் மாணாக்கர்க்கு அன்றாடச் செய்திகளையும் அண்மைக்கால ஆராய்ச்சிகளையும் பாடத்தோடு இணைத்துக் கற்பிப்பது அவசியமா, அன்றிப் பாடநூலோடு நின்றுவிடுவது போதுமா என்ற வினா ஆசிரியரிடையே எழுந்துவருவதால், உளவியல் ஆசிரியர் சங்கத்தினராகிய நாங்கள் எங்கள் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாக அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம். இணைத்தே கற்பிக்க வேண்டும் என்பதும், ஆயினும் எந்தச் செய்தியும் அதனைச் சோதிக்கும் ஆராய்ச்சியின் துணையின்றி வகுப்பில் நுழையலாகாது என்பதும் எங்கள் நிலைப்பாடு.

1964 மார்ச் 13 அன்று, விடியுமுன், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தம் வீட்டருகே கொலையுண்டார். 38 பேர் அரைமணி நேரத்துக்கு மேலாக அதனைக் கண்டும் வாளாவிருந்தனர் என்று இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதிற்று. அச்செய்தி எழுப்பிய வினாவை ஆராயப் புகுந்த ஜான் டார்லி, பிப் லட்டானே என்னும் இரு அறிஞர்கள், வேறோர் அறையில் ஒருவருக்கு வலிப்பு கண்டதுபோன்ற குரலை மாணவர்களுக்குக் கேட்கச் செய்து, கேட்பவர் தாம் ஒருவரே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் வலிப்பு ஓயுமுன் உதவிக்கு எழுந்தனர் என்றும், வேறு நால்வரும் கேட்கின்றனர் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தனர் என்றும் 1968-இல் பிரசுரித்தனர்.

பாடம் இவ்வளவில் முடியுமாயின், மனித குலத்தைப் பற்றிய கசப்பொன்றையே மாணவர் உண்மையென்று கொண்டு செல்வர். வழக்கின் ஆவணங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிஞர் மூவர், அந்த 38 பேரும் கொலையைக் கண்ணாரக் கண்டனர் என்பதற்கு ஆதாரமில்லை என்று 2007-இல் நிறுவினர். 2016-இல் அப்பத்திரிகையே தன் பழைய செய்தி பிழைபட்டது என்று ஒப்புக்கொண்டது. இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் தெருக்களில் கண்காணிப்புக் கேமராக்கள் பதிவுசெய்த 219 சச்சரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரையோ, பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் அயலார் ஒருவரேனும் குறுக்கிட்டார் என்று காட்டிற்று. முதற் பரிசோதனை பொய்த்துவிட்டதா என்று மாணவர் கேட்பர், கேட்கத்தான் வேண்டும். ஒன்று தனியொருவர் உதவக்கூடிய வாய்ப்பை அளக்கிறது, மற்றொன்று கூட்டத்தில் எவரேனும் உதவினரா என்பதை அளக்கிறது, ஆகவே இரண்டும் ஒருங்கே மெய்யாக இருத்தல் கூடும் என்று அவர்களே கண்டறியும் அந்த நேரத்தில் நிகழும் கல்விக்கு ஈடாகப் பாடநூலின் எந்தப் பத்தியையும் நாங்கள் அறியோம்.

நம் நாட்டிலும் இதற்கு மேன்மையான உதாரணம் உண்டு. 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய பூகம்பத்தின்பின், அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் அடையாத இடங்களில், இதனினும் பெரிய அழிவு வரப்போகிறது என்று பரவிய வதந்திகளை உளவியலறிஞர் ஜமுனா பிரசாத் தொகுத்து ஆராய்ந்தார். அச்சமூட்டும் செய்தியை மக்கள் ஏன் விரும்பி நம்பவேண்டும் என்ற புதிரில், ஏற்கெனவே மனத்தில் எழுந்துவிட்ட அச்சத்துக்கு அவ்வதந்தி நியாயம் கற்பிக்கிறது என்ற விடையைக் கண்ட உளவியலறிஞர் லியோன் பெஸ்டிங்கர், 1957-இல் நூலாக வெளியிட்ட தம் அறிதல் முரண்பாட்டுக் கொள்கைக்கு அதிலிருந்தே முதற் குறிப்பைப் பெற்றார். கைப்பேசியில் வதந்தி வந்திறங்கும் இக்காலத்தில் இந்தப் பூகம்பப் பாடம் நம் வகுப்புகளில் இடம்பெறாதிருப்பது எங்களுக்கு மெய்யான வருத்தம்.

சில எல்லைகளும் வேண்டும். செய்தியில் வரும் எவருக்கும் வகுப்பில் மனநோய்ப் பெயர் சூட்டலாகாது. தற்கொலைச் செய்திகளின் முறையும் விவரமும் விவாதப் பொருளாகலாகாது.

பாடத்திட்டம் வகுப்போர் ஒவ்வோர் அலகிலும், பழைய பரிசோதனையை மறுபடி நடத்திப் பார்த்தோர் கண்டது யாது என்பதற்கு இடம் ஒதுக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் புதிய ஆய்வுகளின் சுருக்கத்தை ஆண்டுதோறும் எளிய தமிழில் வெளியிட வேண்டும். தேர்வாளர்கள், செய்தி நறுக்கொன்றைத் தந்து அதன் கூற்றை எவ்விதம் சோதிப்பாய் என்று கேட்கும் வினாவொன்றையேனும் ஒவ்வொரு வினாத்தாளிலும் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.