பிறை பார்க்கும் இரவுக்கு மட்டுமா வானொலி?



சென்ற கிழமை எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு எழுந்தது. "இந்தக் காலத்தில் ரேடியோ கேட்பது யார்? ரூபவாஹினி பார்ப்பது யார்? நட்டத்தில் ஓடுவதற்கு அரசாங்கம் ஏன் காசு கொட்ட வேண்டும்? இழுத்து மூடினால் என்ன?" இப்படிக் கேட்டவர்கள் வேறு யாருமல்ல, நம்மவர்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாம் கேட்பதில்லை என்பது உண்மை. நமது பிள்ளைகளுக்கு யூடியூப்தான் தொலைக்காட்சி. ஆனால் ஷஃபான் இருபத்தொன்பது மாலையானால் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் பத்துப் பிறை பிறந்து பத்தும் மறைந்த பிறகு, "ரேடியோவில் சொல்லிட்டாங்களா?" என்று கேட்கிறோம். கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் தீர்மானம் முஸ்லிம் சேவையில் வரும்வரை நாம் தராவீஹுக்கு எழும்புவதில்லை. மற்ற பதினொரு மாதமும் அது வேண்டாத சாமான்!

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, மறந்துவிட்டதா? போனில் சார்ஜ் போனது. சிக்னலும் போனது. வாப்பாமாருடைய பழைய பெட்டரி ரேடியோதான் பேசியது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சூம் வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயர்கள் எமது இடாப்பில் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லை. அரச தொலைக்காட்சியில் வந்த பாடம்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே வகுப்பு. விளம்பரத்துக்காக நடத்தும் எந்த அலைவரிசை எட்டாம் தரக் கணிதத்தைத் தமிழில் கற்பிக்கும்?

"அரச ஊடகம் ஆளுங்கட்சியின் ஊதுகுழல்தானே?" என்பீர்கள். சரிதான். நாமும் அதனால் காயப்பட்டவர்கள். ஆனால் அந்த நோய்க்கும் காரணம் காசு வரும் வழிதான். கூட்டுத்தாபனம் அமைச்சரிடம் கையேந்தினால் அமைச்சருக்குப் பாடும். அனுசரணையாளரிடம் கையேந்தினால் அனுசரணையாளருக்குப் பாடும். ரமழான் நிகழ்ச்சிக்கு நமது தனவந்தர்கள் கொடுப்பதை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் ஒரு சமூகத்தின் குரல் கடை விளம்பரத்தில் தொங்கக் கூடாது.

மற்ற நாடுகள் இதை யோசித்துவிட்டன. ஜேர்மனியில் 2013 முதல் ரேடியோ, டிவி இருக்கிறதா என்று எவரும் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு ஒரு கட்டணம். எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்ப்பது அரசியல்வாதிகள் அல்ல, தனியான ஆணைக்குழு. பின்லாந்தில் அதே ஆண்டு முதல் வருமானத்துக்கேற்ற தனி வரி. பார்க்கும் கருவி மாறினால் காசு வரும் வழியையும் மாற்ற வேண்டும் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

நாம் புதிய வரி கேட்கவில்லை. மின்சார பில்லையே கட்ட முடியாத வீடுகள் நமது ஊரில் நிறைய. ஆனால் ஒவ்வொரு ரீலோடிலும் தொலைத்தொடர்பு வரியை ஏற்கனவே கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? பார்வையாளர் போனுக்குப் போய்விட்டார். அந்த வரியிலிருந்து ஒரு சிறு பங்கு, அமைச்சரின் கை படாத தனி நிதியமாக, பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டும்படி ஒதுக்கப்படட்டும். அதில் தமிழ்ச் சேவைக்கும் முஸ்லிம் சேவைக்கும் எவ்வளவு என்பது சட்டத்திலேயே எழுதப்படட்டும். பதிலுக்கு அவர்களும் நமது பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு, போனுக்கு, தரமாக வரட்டும்.

பி.எச். அப்துல் ஹமீத் போன்ற ஒரு குரலைக் கடல் கடந்தும் கேட்கவைத்தது இந்த வானொலிதான். அது மூடப்பட்டால் அடுத்த குரல் எங்கிருந்து வரும்?

வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் பாதை, கான் பற்றிக் கேட்கிறோம். இனி இதையும் கேட்போம். பிறை தெரியும் இரவில் மட்டும் ரேடியோவைத் தேடுவது நன்றி கெட்டதனம்.