சோற்றுக்கும் மருந்துக்கும் போர்க்களத்தில் வழி வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களின் சார்பில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். போர் நடக்கும் நாட்டில் பொதுமக்களுக்கு உணவும் மருந்தும் போய்ச் சேருவதை எந்தத் தரப்பும் தடுக்கக் கூடாது, அளவைக் குறைக்கக் கூடாது, தன் அரசியல் கணக்குக்குப் பயன்படுத்தவும் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

நாங்கள் பேசுவதற்குக் காரணம்

எங்கள் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியில், இலங்கைப் போருக்குத் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் மறுவாழ்வு முகாமில் வாழ்கின்றன. அவர்களுடைய நாட்டில் 2008, 2009 ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தே இந்த முடிவுக்கு வந்திருக்கிறோம்.

வன்னியில் நடந்தது

2008 செப்டம்பரில், ஐ.நா. அமைப்புகளும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் விடுதலைப் புலிகளோடு போர் நடந்த வடக்கின் வன்னிப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்று இலங்கை அரசு உத்தரவிட்டது. எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று மக்கள் மன்றாடினார்கள். ஆனால் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் தங்கியது. அதன்பின் உலக உணவுத் திட்டத்தின் லாரிகள் இடைவெளி விட்டு உள்ளே சென்றுவந்தன. 2009 ஜனவரியோடு அந்தத் தரைவழியும் அடைபட்டது.

போர்ப்பகுதியில் இருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று அரசு சொல்லிவந்தது. அங்கேயே பணியில் இருந்த அரசு அலுவலர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு அனுப்பினார்கள். போர் முடிந்தபோது முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்கள் மட்டுமே ஏறத்தாழ 2.8 லட்சம் பேர். பட்டியலின் வலிமை எங்கள் ஊர்களுக்குத் தெரியும். ஏரியில் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பிரிக்கும் எங்கள் ‘பாடு’ முறைப் பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்த இடத்தில் வலை போட முடியாது. அங்கேயோ பட்டியலில் வராதவருக்குச் சோறே இல்லாமல் போனது. மக்கள் தொகையைக் குறைத்துச் சொன்னதும், அறுவைச் சிகிச்சைக்கான மருந்துகளை அனுமதிக்காததும் அவர்களின் துன்பத்தைப் பெருக்கின என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் பதிவு செய்தது. மக்கள் வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே குழு பதிவு செய்திருக்கிறது. இரு தரப்பின் செயல்களையும் நாங்கள் கண்டிக்கிறோம்.

2009 பிப்ரவரி முதல் மே வரை, வன்னிக் கரையிலிருந்து காயம்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் திருகோணமலை மாவட்டத்துக்குக் கொண்டுபோனது. எல்லாத் தரைவழியும் அடைபட்ட நேரத்திலும், நடுநிலையான ஒரு கைக்குக் கடல்வழி திறந்தது. அந்தக் கப்பலால் ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைத்தன.

கப்பல்கள் சொல்லும் பாடம்

அதே 2009இல், புலம்பெயர்ந்த தமிழர்கள் திரட்டிய 884 டன் நிவாரணப் பொருள்களோடு வந்த ‘வணங்காமண்’ கப்பலை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. சரக்கைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, வேறொரு கப்பலில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கும் அது மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே கிடந்தது.

அதற்கு முன், 1987 ஜூன் 3ஆம் தேதி யாழ்ப்பாணத்துக்கு இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளும் திருப்பி அனுப்பப்பட்டன. மறுநாளே இந்திய விமானப்படை, போர் விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டது. அவை ஏறத்தாழ 25 டன். பல லட்சம் பேர் வாழும் குடாநாட்டுக்கு அது ஒரு வேளைக்கும் காணாது. படை பலத்தைக் காட்டும் உதவி பசியாற்றுவதைவிட அரசியல் செய்தி சொல்வதிலேயே முடிகிறது.

2022இல் வேறொரு வழி தெரிந்தது. பொருளாதார நெருக்கடியில் இலங்கை தவித்தபோது, தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் ஆகியவற்றை அறிவித்தது. மே 18 அன்று முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. தமிழர், சிங்களர், முஸ்லிம் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் என்றே அது அனுப்பப்பட்டது. தேவையை மட்டும் பார்த்த அந்த முடிவை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. உதவியின் அளவைத் தீர்மானிக்கும் மக்கள் தொகைக் கணக்கைப் போரிடும் தரப்பிடம் மட்டும் விடக் கூடாது. களத்தில் இருக்கும் அலுவலர்களும் நடுநிலை அமைப்புகளும் சேர்ந்து எடுக்க வேண்டும்.

2. மயக்க மருந்து, ரத்தம், அறுவைச் சிகிச்சைப் பொருள்கள் ஆகியவற்றை எந்தச் சோதனைச் சாவடியிலும் தடைப்பொருளாக நடத்தக் கூடாது.

3. போர்ப்பகுதியில் கரையோர மக்கள் மீன்பிடிக்க வழி விட வேண்டும். கடலை மூடினால் அவர்களுடைய அடுப்பும் அணைந்துவிடும்.

4. உள்நாட்டுப் போரில் பொதுமக்களைப் பட்டினி போடுவதைத் தடைசெய்யும் 1977ஆம் ஆண்டின் ஜெனீவா இரண்டாம் கூடுதல் நெறிமுறையில் இந்தியாவும் இலங்கையும் இன்னும் சேரவில்லை. இரண்டும் உடனே சேர வேண்டும்.

5. அண்டை நாட்டில் நெருக்கடி வந்தால் நாள் கடத்தாமல் உதவி அனுப்ப, ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் நிரந்தர ஏற்பாடு ஒன்றைச் செய்ய வேண்டும்.

பட்டினியைப் போர்முறையாகக் கையாளுவதை ஐ.நா. பாதுகாப்பு அவை 2018இல் தன் 2417ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. அதற்குப் பிறகும் 2024இல் சூடானின் சம்சம் முகாமிலும், 2025இல் காசாவிலும் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. தீர்மானங்கள் தாமாக அரிசி மூட்டையைச் சுமந்து போவதில்லை. அவற்றை நடைமுறைப்படுத்தும்படி அரசுகளை மக்கள்தான் நெருக்க வேண்டும். மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளும் தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் தீர்மானங்களாக நிறைவேற்றி, நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.