பிரேக் லைட் எரிகிறதா, பார்த்தீர்களா?

சென்ற மாதம் ஏற்காடு மலையில், செம்மநத்தத்திலுள்ள என் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். மறுநாள் காலை கிளம்பலாம் என்று காரில் உட்கார்ந்தால், ஆட்டோமேட்டிக் கியர் 'பி'யை விட்டு அசைய மாட்டேன் என்கிறது! சாவியைத் திருகினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. பிரேக்கை மிதித்து இழுத்தால் கியர் மட்டும் கல்லு மாதிரி நிற்கிறது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "பொம்பளை ஓட்டற வண்டி, என்னத்தப் பண்ணி வெச்சாங்களோ" என்றார் ஒரு பெரியவர். (நல்ல மனிதர்தான், காபி கொடுத்ததும் அவரே.)

"சரிவுல ஹேண்ட்பிரேக் போடாம நிறுத்தியிருப்பே" என்றார் என் கணவர். அதுவும் நடக்கக்கூடியதுதான். 'பி'யில் போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு இரும்பு நாக்கு பல்சக்கரத்தில் மாட்டிக் கொள்ளும். ஹேண்ட்பிரேக் இல்லாமல் காலை எடுத்தால் வண்டியின் கனமெல்லாம் அந்த நாக்கின் மேல் உட்காரும். அப்புறம் கியர் லேசில் வராது. அதனால் மேட்டில் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகுதான் 'பி'. நானோ அப்படித்தான் நிறுத்தியிருந்தேன்.

கண்டுபிடித்தது ப்ளஸ் டூ படிக்கும் நாத்தனார் மகள். "அத்தை, நீங்க பிரேக் மிதிக்கறீங்க, பின்னாடி லைட்டே எரியலையே!"

அங்கேதான் விஷயம். பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பின்விளக்கை எரிய வைப்பதும், "மிதிச்சாச்சு, விடு" என்று கியரின் பூட்டுக்குச் சேதி சொல்வதும் பல கார்களில் அதுதான். விளக்கு எரியாவிட்டால் சுவிட்சோ பியூஸோ போயிருக்கலாம். விளக்கு எரிந்தும் 'டிக்' சத்தம் கேட்கவில்லையென்றால் பூட்டையே சந்தேகிக்கலாம். துணைக்கு ஆளில்லையா? இருட்டிய பிறகு மிதித்தால் பின்னாலிருக்கும் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழும். (ஏ.எம்.டி. கார்கள் பலவற்றில் 'பி'யே கிடையாது. அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.)

இந்தப் பூட்டு வந்த கதை தெரியுமா? 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகவே பாய்கின்றன என்று ஏகப்பட்ட புகார். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்று 1989ல் அந்நாட்டு அரசின் ஆய்வு சொன்னது. பிரேக்கை மிதித்தால்தான் 'பி' விடும் என்ற ஏற்பாடு அந்தக் காலத்தில்தான் பரவியது. மிதித்தவர்களில் ஆண்களும் இருந்திருப்பார்கள்!

பிரிக்காத பாலிதீன் கவரோடு கிடந்த கார் புத்தகத்தை எடுத்தோம். கியர் பக்கத்தில் சின்ன மூடி, அதற்குள் ஒரு துவாரம் என்று படம் போட்டிருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிரேக்கை மிதித்தபடி சாவி முனையால் அழுத்தினேன். நகர்ந்தது!

உடனே எல்லோரும் "கிளம்புங்க, கிளம்புங்க". நான் மாட்டேன் என்று விட்டேன். சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். நான் பிரேக் போடுவது பின்னால் வரும் பஸ்காரருக்கு எப்படித் தெரியும்? கியரை விடுவித்தோமே தவிர, விளக்கு இன்னும் எரியவில்லையே. மெக்கானிக் புது சுவிட்சோடு மேலே வந்து சேர மதியம் மூன்று மணி. அதுவரை என் கணவர் முணுமுணுத்துக் கொண்டேயிருந்தார். முணுமுணுக்கட்டும்.

ஷோரூமில் வண்டி தரும்போது மாலை போட்டு, ஸ்வீட் கொடுத்து, போட்டோ எடுக்கிறார்கள். அந்த மூடி எங்கே இருக்கிறது என்றும் ஐந்து நிமிஷம் காட்டித் தரலாமே?

- ஒரு வாசகி, சேலம்.